நாலு எம்பி ரெண்டானது எப்படி? திகாமடுல்லையின் வாக்குக் கணக்கு பற்றி சில வார்த்தைகள்



நீண்ட பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள். இஷா தொழுதுவிட்டு வந்து ஆறுதலாக வாசித்தாலும் பரவாயில்லை.

2024 நவம்பர் தேர்தல் முடிந்ததிலிருந்து எமது கரையோர ஊர்களில் ஒரு பேச்சு ஓயவில்லை. தேத்தண்ணிக் கடை, பள்ளி முன்றல், கலியாண வீடு, வட்ஸ்அப் குழுமம் எங்கு போனாலும் இதே பேச்சுத்தான். "நாலு எம்பி இருந்த மாவட்டத்தில் இப்ப ரெண்டு. சமூகம் அழிஞ்சு போச்சு" என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். "நாலு பேர் இருந்து என்னத்தைக் கிழிச்சாங்க?" என்று மற்றச் சாரார் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் கோபம் இருக்கிறது. கணக்கை எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு.

நாம் அரச பாடசாலை ஆசிரியர்கள். எந்தக் கட்சி மேடையிலும் ஏறுகிறவர்கள் அல்ல. மரம், மயில், குதிரை, திசைகாட்டி, டெலிபோன் எதற்கும் வாக்குக் கேட்டு இதை எழுதவில்லை. பிள்ளைகளுக்குக் குடியுரிமைக் கல்விப் பாடத்தில் தேர்தல் முறையைச் சொல்லிக் கொடுக்கிற நாம், பெரியவர்களோடும் அதே கணக்கைப் பேச வேண்டிய காலம் இது என்று நினைக்கிறோம். மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு திரும்பவும் எழும்பியிருக்கிற நேரத்தில் இதைப் பேசாமல் வேறு எப்போது பேசுவது?

முதலில் மாவட்டத்தைப் பார்ப்போம்

அம்பாறை நிர்வாக மாவட்டம் 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. தேர்தல் மாவட்டத்தின் பெயர் திகாமடுல்ல. அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என்று நான்கு தொகுதிகள். கரையோரம் எமது ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறி மாறி வருகிற ஒரு நீண்ட கீலம். உள்ளே கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த சிங்களக் குடியேற்றங்கள்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏறக்குறைய ஆறரை இலட்சம். அதில் முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் சுமார் 39 வீதம், தமிழர் சுமார் 17 வீதம். எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டவில்லை. இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

பாராளுமன்றத்துக்கு எமது மாவட்டத்திலிருந்து ஏழு ஆசனங்கள். ஏழை இந்த வீதத்தால் பெருக்கிப் பாருங்கள். முஸ்லிம்களுக்கு மூன்று, சிங்களவருக்கு மூன்றுக்குக் கொஞ்சம் குறைய, தமிழருக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் கூட. சனத்தொகைப்படி இயல்பான பங்கு 3, 3, 1.

இனி நடந்ததைப் பாருங்கள்.

2010: முஸ்லிம் 3, சிங்களம் 3, தமிழ் 1.
2015: முஸ்லிம் 3, சிங்களம் 3, தமிழ் 1.
2020: முஸ்லிம் 4, சிங்களம் 3, தமிழ் 0.
2024: முஸ்லிம் 2, சிங்களம் 4, தமிழ் 1.

ஆக, "நாலு" என்பது எமது வழமையான நிலை அல்ல. அது ஒரே ஒரு தேர்தலில் வந்த எண்ணிக்கை. அந்த நாலாவது ஆசனம் எங்கிருந்து வந்தது என்று நாம் பேசுவதே இல்லை.

ஆசனம் எப்படிப் பங்கிடப்படுகிறது?

கரும்பலகையில் எழுதுவது போலச் சொல்கிறோம்.

கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் ஆறு. 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்த கட்சிகளையும் குழுக்களையும் கழித்துவிட வேண்டும். மீதி வாக்குகளை ஆறால் பிரிக்க வேண்டும். வருகிற எண்தான் ஒரு முழு ஆசனத்தின் விலை. ஒவ்வொரு கட்சியும் எத்தனை முழு விலை கொடுக்க முடியுமோ அத்தனை ஆசனம். அதற்குப் பிறகும் ஆசனம் மிஞ்சினால், யாரிடம் கூடுதலான மிச்ச வாக்கு இருக்கிறதோ அவருக்குக் கொடுக்கப்படும்.

இந்த 5 வீதத்துக்கும் எமது மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. முன்பு அந்த வெட்டுப்புள்ளி எட்டில் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டரை வீதம். 1988இல் அரசியலமைப்பின் 15ஆவது திருத்தத்தின் மூலம் அது 5 வீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்காகப் பேரம் பேசியவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள். ஒரு சலுகையையோ பதவியையோ கேட்காமல் சட்டத்தை மாற்றக் கேட்டார். அதன் பயன் எமக்கு மட்டுமல்ல, நாட்டின் எல்லாச் சிறிய கட்சிகளுக்கும் இன்றுவரை கிடைக்கிறது.

இப்போது 2020ஐப் போட்டுப் பார்ப்போம்.

மொட்டு சுமார் 1 இலட்சத்து 26 ஆயிரம். டெலிபோன் சுமார் 1 இலட்சத்து 2 ஆயிரம். மயில் சுமார் 43 ஆயிரம். குதிரை 39 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைய. கருணா அம்மான் போட்டியிட்ட பட்டியல் சுமார் 29 ஆயிரம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு சுமார் 25 ஆயிரம்.

ஒரு முழு ஆசனத்தின் விலை அறுபதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. மொட்டுக்கு இரண்டு முழு ஆசனம், ஒரு போனஸ், மொத்தம் மூன்று. டெலிபோனுக்கு ஒரு முழு ஆசனம், மிச்சம் சுமார் 41 ஆயிரம். மற்ற எவருக்கும் முழு விலை இல்லை. மீதியான மூன்று ஆசனமும் மிச்ச வாக்கில் போனது: மயிலுக்கு ஒன்று, டெலிபோனுக்கு இன்னொன்று, கடைசி ஆசனம் குதிரைக்கு.

தமிழ் வாக்குகள் இரண்டாகப் பிரிந்து 29, 25 என்று நின்றதால் இரண்டு பட்டியலும் வெறுங்கையோடு போயின. அவை ஒன்றாக இருந்திருந்தால் 54 ஆயிரம். மிச்ச வாக்கில் முதலாவது ஆசனமே அவர்களுக்குத்தான். அப்படியானால் கடைசியாக வந்த ஆசனம் எமக்கு இல்லை.

அதாவது 2020இல் நாம் கொண்டாடிய நாலாவது ஆசனம் எமது பலத்தால் மட்டும் வந்ததல்ல. அயலவர்களின் பிளவால் வந்தது. மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ் மக்கள் வாழ்கிறார்கள். நாலு வருடத்துக்கு மேல் அவர்களுக்கு மாவட்டத்திலிருந்து தெரிவான ஒரு பிரதிநிதியும் இருக்கவில்லை. தேசியப் பட்டியல் மூலம் ஒருவரைக் கொடுத்துத்தான் சமாளித்தார்கள். நாம் அதைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசினோமா? இன்று எமக்கு ஒன்று குறைந்தவுடன் "சமூகம் அழிஞ்சு போச்சு" என்கிறோம். நீதி என்பது எமக்குக் குறையும்போது மட்டும் ஞாபகம் வருகிற ஒன்றாக இருக்கக்கூடாது. எமது மார்க்கம் அப்படிச் சொல்லித் தரவில்லை.

2024இல் என்ன நடந்தது?

திசைகாட்டி சுமார் 1 இலட்சத்து 46 ஆயிரம் வாக்கு எடுத்து நாலு ஆசனம் பெற்றது. மயில், வீடு, மரம் மூன்றும் முப்பதாயிரத்தைத் தாண்டி, ஒன்றுக்கொன்று நெருக்கமாக நின்றன. மூன்றுக்கும் ஒவ்வொரு ஆசனம்.

இந்த மூன்றில் ஒன்றுகூட முழு ஆசனத்தின் விலையைக் கொடுக்கவில்லை. மூன்றும் மிச்ச வாக்கில்தான் உள்ளே போயின.

"மரமும் மயிலும் சேர்ந்து கேட்டிருந்தால் மூன்று கிடைத்திருக்கும்" என்று மேடையில் சொல்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தால் அறுபத்தைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் கூட. அதில் ஒரு முழு ஆசனத்தின் விலையைக் கழித்தால் மிச்சம் இருபதாயிரம் அளவில். அந்த மிச்சத்தை வைத்து இரண்டாவது ஆசனத்தைக் காப்பாற்றவே போராட வேண்டும். மூன்றாவது கனவு. ஒற்றுமை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒற்றுமை என்பது மார்க்கக் கடமை. ஆனால் தேர்தல் காலத்தில் "ஒற்றுமை" என்ற சொல்லை வைத்து விற்கப்படுகிற எல்லாக் கணக்கும் சரியான கணக்கு அல்ல என்பதைத்தான் சொல்கிறோம்.

அடுத்தது, திசைகாட்டியின் நால்வரும் சிங்களச் சகோதரர்களாக வந்தது எப்படி? "திட்டமிட்ட சதி" என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். இங்கேயும் கணக்குத்தான். அந்தக் கட்சிக்குக் கரையோரத்திலிருந்தும் கணிசமான வாக்குகள் போயின. கட்சிக்குப் போடும் வாக்கு ஆசனத்தின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். ஆள் யார் என்பதை விருப்பு வாக்குத் தீர்மானிக்கும். அம்பாறைத் தொகுதி மக்கள் தமது விருப்பு வாக்கை ஒழுங்காகத் தமது வேட்பாளர்களுக்குக் குவித்தார்கள். கரையோரத்தில் விருப்பு வாக்கு ஊர் ஊராகச் சிதறியது. எமது ஊர்களில் பலர் சின்னத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டு, தம் ஊர் ஆளுக்கு ஒரு விருப்பு வாக்கைப் போட்டுவிட்டு, மற்ற இரண்டையும் வெறுமையாக விட்டுவிட்டு வருகிறார்கள். சட்டம் மூன்று விருப்பு வாக்குத் தருகிறது. அதில் இரண்டைக் குப்பையில் போட்டுவிட்டு சதி என்று சொன்னால் யார் என்ன செய்வது?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தேசிய மக்கள் சக்தியும் ஐக்கிய மக்கள் சக்தியும் தமது தேசியப் பட்டியலில் இம்மாவட்ட முஸ்லிம்கள் ஒவ்வொருவரை நியமித்தன. தெரிவான இருவரையும் சேர்த்தால் பாராளுமன்றத்தில் இன்றும் எமது மாவட்ட முஸ்லிம்கள் நால்வர். ஆட்சிப் பக்கமும் ஆள் இருக்கிறது, எதிர்ப் பக்கமும் இருக்கிறது. எண்ணிக்கைதான் பிரச்சினை என்றால் அந்தப் பிரச்சினை அன்றே தீர்ந்துவிட்டது.

ஆனால் எண்ணிக்கை அல்ல எமது பிரச்சினை.

ஜனாதிபதித் தேர்தலில் ஒரு முகம், பாராளுமன்றத்தில் இன்னொரு முகம்

எமது மாவட்டத்தின் ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

2005இல் திகாமடுல்லையில் முதலிடம் ரணில் விக்ரமசிங்க. நாட்டில் வென்றவர் மஹிந்த ராஜபக்ஷ. 2010இல் இங்கே சரத் பொன்சேகா, சிறு வித்தியாசத்தில். நாட்டில் மஹிந்த. 2015இல் மைத்திரிபால சிறிசேன இங்கே சுமார் 65 வீதம், நாட்டிலும் அவரே. 2019இல் சஜித் பிரேமதாச இங்கே சுமார் 63 வீதம், நாட்டில் கோட்டாபய. 2024இல் சஜித் இங்கே சுமார் 47 வீதம், நாட்டில் அநுர குமார திசாநாயக்க.

ஐந்து தேர்தலில் ஒரே ஒரு முறைதான் மாவட்டம் விரும்பியவரும் நாடு விரும்பியவரும் ஒருவராக இருந்தார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெல்லுகிறவருக்குத்தான் வாக்களிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மனச்சாட்சிப்படி வாக்களிப்பது உரிமை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வருகிறது. நாம் ஒருவரை எதிர்த்து வாக்களிக்கிறோம். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து நாம் அனுப்பிய எம்பி அவரின் பக்கத்தில் போய் இருக்கிறார்.

2010இல் கரையோர மக்கள் யானைச் சின்னத்துக்கு, எதிர்க்கட்சிக்கு வாக்களித்து முஸ்லிம் காங்கிரஸ் வேட்பாளர்களை அனுப்பினார்கள். அதே வருடம் செப்டெம்பரில் ஜனாதிபதியின் பதவிக்கால வரம்பை நீக்கிய 18ஆவது திருத்தத்துக்கு அந்தக் கட்சி ஆதரவளித்தது. பின்னர் அரசாங்கத்திலும் சேர்ந்தது.

2020இல் திரும்பவும் அதே கதை. ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த நாட்களில் எமது வீடுகளில் வயதானவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் நோயைவிட நெருப்பை நினைத்துத்தான் பயந்தார்கள். அந்தக் காலத்தில், 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி, 20ஆவது திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை கொடுத்தவர்களில் எதிர்க்கட்சிப் பட்டியலில் தெரிவான முஸ்லிம் உறுப்பினர்களும் இருந்தார்கள். எமது மாவட்டத்தவர்களும் இருந்தார்கள். "ஜனாஸா விடயத்தை வெல்லத்தான் கை உயர்த்தினோம்" என்று விளக்கம் வந்தது. ஆனால் அடக்கம் செய்ய அனுமதி வந்தது 2021 பெப்ரவரி கடைசியில். இடையில் நாலு மாதம் எரிப்பு நடந்தது.

நாலு எம்பி இருந்த காலம் என்பது இதுதான்.

2024 நவம்பரில் கரையோரத்தில் வழமையான சின்னங்களுக்குப் போகாத வாக்குகளைப் பார்த்து "இளைஞர்கள் மோகத்தில் போட்டுட்டாங்க" என்று சில பெரியவர்கள் கோபப்படுகிறார்கள். அந்த இளைஞர்களில் பலர் 2020இல் பாடசாலைப் பிள்ளைகள். ஜனாஸா எரிப்பையும் கை உயர்த்தலையும் ஒரே வருடத்தில் பார்த்த தலைமுறை. அவர்களுக்கு 1989இல் மரம் முதன்முதலாகப் பாராளுமன்றத் தேர்தலில் நின்றபோது எமது வாப்பாமார் அடைந்த உணர்ச்சி தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவர்களைத் திட்டுவதை விட, அவர்கள் ஏன் விலகிப் போனார்கள் என்று கட்சிகள் தம்மைத்தாமே கேட்க வேண்டும்.

கட்சிக்குள் ஒளிந்திருக்கும் ஊர்

எமது கரையோர வாக்கைக் கட்சி வாக்கு என்று சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி ஊர் வாக்கு.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, இறக்காமம், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு எம்பி வேண்டும். ஏழு ஆசனத்தையும் எமக்கே தந்தாலும் ஊர்கள் மிஞ்சும். கட்சிகள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன. அதனால்தான் வேட்பாளர் பட்டியல் தயாரிக்கும்போது "யார் தகுதியானவர்" என்பதை விட "எந்த ஊருக்கு இன்னும் போடவில்லை" என்றுதான் பார்க்கிறார்கள். தேசியப் பட்டியல் என்ற ஒரே மிட்டாயை ஐந்து ஊருக்குக் காட்டி வாக்கு எடுப்பதும் எமக்குப் புதிதல்ல.

ஊர் உணர்வே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பொத்துவில் மக்களின் தூரம் கல்முனைக்காரருக்கு விளங்காது. ஒரு காரியத்துக்கு நாள் முழுக்கப் பஸ்ஸில் கழிக்கிற மக்கள் தமக்கென ஒரு குரல் கேட்பது நியாயம். சாய்ந்தமருது மக்கள் தனியான நகர சபை கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் சாய்ந்தமருதின் கதையே எமக்குப் பெரிய பாடம். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் அந்த ஊர் கட்சிகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு தோடம்பழச் சின்னத்தில் ஒரு சுயேச்சைக் குழுவை நிறுத்தியது. தனது வட்டாரங்களை முழுமையாக வென்றது. அப்படி ஓர் ஊர் ஒற்றுமையை இந்த மாவட்டம் பார்த்ததில்லை. 2020 பெப்ரவரியில் நகர சபைக்கான வர்த்தமானியும் வந்தது. சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது. ஏன்? கல்முனையின் எல்லைகள் பற்றி அயலில் உள்ள முஸ்லிம்களோடும் தமிழர்களோடும் பேசி ஓர் உடன்பாடு எட்டப்படவில்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரமும் அதே இடத்தில்தான் பல வருடமாக நிற்கிறது. ஊர் ஒன்றுபட்டால் வட்டாரத்தை வெல்லலாம். எல்லையை வரைய வேண்டுமானால் பக்கத்து ஊரோடு பேசத்தான் வேண்டும்.

அதன் விளைவை இன்று எல்லோரும் சேர்ந்து அனுபவிக்கிறோம். 2025 மே மாதம் நாடு முழுக்க உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது வழக்கின் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்குத் தேர்தல் நடக்கவில்லை. குப்பை அள்ளவும் வடிகான் வெட்டவும் மக்கள் தெரிவு செய்த ஒருவர் இல்லை.

ஐந்து எம்பி வந்தாலும் தீராதவை

எமது ஊர்களின் உண்மையான பிரச்சினைகளுக்கு ஊர் எல்லை கிடையாது.

ஒலுவில் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மர்ஹூம் தலைவரின் கனவு. 2013இல் திறந்தார்கள். துறைமுக வாயிலை மணல் மூடியது. கடல் ஒலுவிலையும் நிந்தவூரையும் அரித்தது. தென்னந்தோட்டங்களும் காணிகளும் கடலுக்குள் போயின. அரிப்பு ஓர் ஊரின் எல்லையில் வந்து நின்று "இது யாருடைய தொகுதி" என்று கேட்பதில்லை.

நுரைச்சோலை வீட்டுத்திட்டம். 2004 சுனாமியில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது எமது மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அந்த மக்களுக்காக சவூதி அரேபியாவின் உதவியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டினார்கள். வழக்கு, தீர்ப்பு, இனப் பங்கீடு என்று வருடக்கணக்கில் வீடுகள் பகிரப்படாமல் காடு பற்றிக் கிடந்தன. அன்று கைக்குழந்தையாக இருந்த பிள்ளைகள் இன்று கலியாணம் முடிக்கிற வயதில் இருக்கிறார்கள். எத்தனை அமைச்சர்கள், எத்தனை பிரதி அமைச்சர்கள் இந்த மாவட்டத்திலிருந்து வந்து போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மாகாண சபை. கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரோடு கலைந்தது. கடைசியாக நாம் அதற்கு வாக்களித்தது 2012இல். எமது பாடசாலைகளின் ஆசிரியர் இடமாற்றம், வைத்தியசாலைகள், வீதிகள் பலவும் மாகாணத்தின் கீழ் வருகின்றன. அங்கே இத்தனை வருடமாக மக்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. பாராளுமன்றத்தில் ஓர் ஆசனம் குறைந்ததற்கு ஒப்பாரி வைக்கும் நாம், ஒரு முழுச் சபையே இல்லாமல் இருப்பதைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. தனித்துவ அரசியல் எமக்கு ஒன்றும் தரவில்லை என்பது பொய். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒன்றே போதும். யுத்த காலத்தில் மற்ற இடங்களில் படிக்க முடியாமல் வந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அந்த நிறுவனத்தால் எத்தனை குடும்பங்களில் முதல் பட்டதாரி உருவானார் என்பது எமது வகுப்பறைகளுக்குத் தெரியும். அங்கே இன்று மூன்று சமூகப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பிரதிநிதித்துவம் என்றால் அதுதான். ஓர் ஊருக்கு மட்டும் பயன்படாத, அடுத்த தேர்தலில் அழிந்து போகாத ஒரு வேலை.

இனி என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் எம்மிடம் இல்லை. செய்யக்கூடிய சில விடயங்களை மட்டும் சொல்கிறோம்.

ஒன்று. அடுத்த தேர்தலில் வேட்பாளர் உங்கள் வீட்டுக்கு வந்தால் "எங்க ஊருக்கு என்ன செய்வீங்க?" என்பதற்கு முன்னால் "அரசியலமைப்பை மாற்றும் வாக்கெடுப்பு வந்தால் கை உயர்த்துவதற்கு முன் எங்களிடம் வந்து கேட்பீங்களா?" என்று கேளுங்கள். பதிலைத் தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகச் சொல்வார்கள். குறிப்பாகக் கேளுங்கள்.

இரண்டு. மூன்று விருப்பு வாக்கையும் பாவியுங்கள். ஒன்று உங்கள் ஊருக்கு என்றால், ஒன்று பக்கத்து ஊரின் தகுதியான ஒருவருக்கு. இன்னொன்று, அந்தப் பட்டியலில் நல்ல தமிழ் வேட்பாளரோ சிங்கள வேட்பாளரோ இருந்தால் அவருக்கு. எமது வாக்கும் தனக்கு விழுந்தது என்று தெரிந்த ஒரு சிங்கள எம்பி, எமது காணிப் பிரச்சினை வரும்போது வேறு மாதிரித்தான் யோசிப்பார்.

மூன்று. பெண்கள். எமது மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான ஒரே முஸ்லிம் பெண் பேரியல் அஷ்ரஃப் அவர்கள். அவருக்குப் பிறகு ஒருவரும் இல்லை. ஆனால் எமது பாடசாலைகளில் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுக்கிறவர்களில் அதிகமானோர் பெண் பிள்ளைகள். தேர்தல் நாளில் வெயிலில் வரிசையில் நிற்பவர்களிலும் எமது உம்மாமார்தான் கூட. வாக்களிக்க மட்டும் வேண்டும், வேட்பாளராக வேண்டாம் என்றால் அது என்ன நியாயம்?

நான்கு. வாக்காளர் இடாப்பு. கிராம சேவகர் படிவம் கொண்டு வரும்போது அலட்சியமாக இருக்காதீர்கள். பதினெட்டு வயது நிறைந்த பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எமது ஆண்களில் பெருந்தொகையானோர் கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து வாக்களிக்க இந்த நாட்டில் இன்னும் வழி இல்லை. அந்த உரிமையை எமது எம்பிமார் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும். அதுவும் அஷ்ரஃப் அவர்கள் கேட்ட 5 வீதம் போன்ற ஒரு கோரிக்கை. கிடைத்தால் எல்லாச் சமூகத்துக்கும் பயன்.

ஐந்து. பள்ளிவாசல். நம்பிக்கையாளர் சபைகளிடம் பணிவாகக் கேட்கிறோம். மிம்பரைக் கட்சிக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் தேர்தல் முடிந்து வருடத்துக்கு ஒரு முறை, எல்லாக் கட்சி எம்பிமாரையும் அழைத்து, பள்ளி மண்டபத்தில் மக்கள் முன்னால் கணக்குக் கேட்கும் ஒரு கூட்டம் வையுங்கள். தேர்தலுக்கு முன் மாலை போட்டு வரவேற்கத் தெரிந்த எமக்கு, தேர்தலுக்குப் பின் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கவும் தெரிய வேண்டும்.

ஆறு. தமிழ்ச் சகோதரர்களோடு பேசுவோம். கல்முனை எல்லை விவகாரத்தை எம்பிமார் தீர்ப்பார்கள் என்று முப்பது வருடமாகக் காத்திருக்கிறோம். சிலருக்கு அது தீராமல் இருப்பதில்தான் வாக்கு இருக்கிறது. ஒரே சந்தையில் மரக்கறி வாங்குகிற, ஒரே வைத்தியசாலையில் பிள்ளை பெறுகிற, ஒரே வாய்க்கால் தண்ணியில் வயல் செய்கிற மக்கள் நாம். இரண்டு பக்கமும் உள்ள ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற அதிபர்கள், விவசாய அமைப்புகள், மீனவர் சங்கங்கள் உட்கார்ந்து பேசினால் அரசியல்வாதிக்கு ஒளிக்க இடம் குறையும்.

அடுத்த தேர்தலில் எமக்கு இரண்டு வரலாம், மூன்று வரலாம். நாலு வந்தாலும் வரலாம். மூன்று எமது நியாயமான பங்கு. அதற்காக நாம் உழைப்போம். அதற்கு மேல் ஒன்று வருகிறதென்றால் அது யாருடைய பங்கிலிருந்து வருகிறது என்று ஒரு கணம் யோசிப்போம். எத்தனை பேர் போகிறார்கள் என்பதோடு எமது கடமை முடிந்துவிடுவதில்லை. போனவர் அடுத்த ஐந்து வருடம் யாருக்குக் கை உயர்த்துகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பதும் வாக்களித்தவரின் வேலைதான்.

உடன்பாடு இல்லாதவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். கணக்கில் பிழை கண்டால் சொல்லுங்கள். ஆனால் ஊர் பேர் சொல்லி ஏசுவதையும், குடும்பத்தை இழுப்பதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்.

யா அல்லாஹ், எமது தலைவர்களுக்கு அமானிதத்தைப் பேணும் மனதையும், எமக்கு அதைக் கேட்கும் துணிவையும், எமது அயலவர்களோடு நீதியாக வாழும் பண்பையும் தருவாயாக. ஆமீன்.